முத்து முத்தான கையெழுத்து

அவனுடைய நோட்டைப் பார்த்தால் யாரும் ஏமாந்துபோவார்கள். நான் ஏழு மாதம் ஏமாந்தேன். ஆறாம் வகுப்பு. எழுத்து முத்து முத்தாக இருக்கும், ஓரக்கோடு கோணாது, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் 'மிக நன்று'. பள்ளி விட்டதும் அங்கேயே ஓர் அறையில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு வருகிற 22 பிள்ளைகளில், வீட்டுப்பாடத்தை முதலில் முடித்துவிட்டு நிமிர்ந்து உட்காருகிறவன் அவன்தான். பெரும்பாலும் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லாத பிள்ளைகள். இவன் வீட்டிலும் அப்படித்தான். 'இவனைப் பற்றிக் கவலை இல்லை' என்று முடிவு கட்டியிருந்தேன்.

ஒருநாள் அறிவியல் நோட்டைத் திருத்தும்போது கண்ணில் பட்டது. இலையின் பயன்களைக் கேட்ட கேள்விக்கு விடை எழுதியிருந்தான். நடுவில் 'படம் 3.2ஐப் பார்க்க' என்று இருந்தது. இன்னும் இரண்டு வரி தள்ளி, வாக்கியத்தின் நடுவே '47'. விடை அடுத்த பக்கத்துக்குத் தாவும் இடத்தில் புத்தகத்தின் பக்க எண் இருந்திருக்கிறது. அதையும் சேர்த்து, அதே அழகோடு, எழுதி வைத்திருந்தான்.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. தினமும் பக்கத்தில் உட்காரும் பெண் புத்தகத்தில் இரண்டு புள்ளி வைத்துக் கொடுப்பாள். இங்கிருந்து இதுவரை. புள்ளியிலிருந்து புள்ளிவரை இவன் பார்த்து எழுதுவான். எது விடையின் வரி, எது படத்துக்கான குறிப்பு, எது பக்க எண் என்று அவனுக்கு வேறுபாடே கிடையாது. எல்லாமே வரைய வேண்டிய கோடுகள்.

"இதை வாசித்துக் காட்டு" என்றேன். "கண்ணாடி கொண்டுவரவில்லை, டீச்சர்" என்றான். அவனுக்குக் கண்ணாடியே கிடையாது. (பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் கண் பரிசோதனை செய்தோம். அவன் பார்வையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வேறு இரண்டு பேருக்குக் கரும்பலகையே மங்கலாகத்தான் தெரிந்திருக்கிறது. அவனுடைய பொய் அவர்களுக்கு உதவியது.)

நான் வேலையிலிருந்த காலம் முழுக்கக் கணக்குப் பிரிவில் இருந்தவள். கட்டங்கள் நிரம்பியிருந்தால் மனம் நிறைந்துவிடும். மாதாமாதம் நான் அனுப்பிய அறிக்கையில் 'வீட்டுப்பாடம் முடித்தோர்: 22 / 22' என்று இருக்கும். பின்தங்கிய பிள்ளைகளுக்கு உதவுகிறோம் என்ற பெயரில், அவர்கள் பின்தங்கியிருப்பது யார் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொண்டேன். அப்படித்தான் இப்போது தோன்றுகிறது.

என்னைப்போல் தடுக்கி விழுந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பது கொஞ்சம் ஆறுதல். 1990களில் கென்யாவின் மேற்குப் பகுதியில் சில பள்ளிகளுக்குப் பாடப்புத்தகங்களை இலவசமாகக் கொடுத்து, கொடுக்காத பள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மைக்கேல் கிரெமர் அந்த ஆய்வில் இருந்தவர். பின்னர் 2019இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோவுடன் நோபல் பரிசு பெற்றாரே, அவர்தான். புத்தகம் கொடுத்தும் சராசரி மதிப்பெண் உயரவில்லை. முன்பே நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும் அது பயன்பட்டது. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது மூன்றாம் மொழி. என் வகுப்பில் பாடப்புத்தகம் தாய்மொழியில்தான் இருந்தது. ஆனாலும் வாசிக்கத் தெரியாதவனுக்கு அதுவும் மூன்றாம் மொழிதானே.

பிள்ளைகளின் கல்விக்காக இந்தியாவில் வேலை செய்யும் பிரதம் என்ற தொண்டு அமைப்பு மும்பையிலும் வதோதராவிலும் இதற்கு நேர் எதிரான ஒன்றைச் செய்து பார்த்தது. அந்தந்தப் பகுதியிலேயே பள்ளிப் படிப்பை முடித்த இளம்பெண்களைப் பயிற்றுவித்து, மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் தனியே உட்காரவைத்து, அடிப்படை எழுத்தையும் எண்ணையும் மட்டும் சொல்லிக்கொடுக்கச் செய்தார்கள். கடைசியில் இருந்த பிள்ளைகள்தான் அதில் அதிகம் முன்னேறினார்கள். பெரிய பட்டம், பெரிய கட்டடம் எதுவும் தேவைப்படவில்லை. பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்த்து, அங்கே போய் நின்றார்கள்.

நாங்களும் வீட்டுப்பாடத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து வாசிக்கச் சொன்னோம். எழுத்து, சொல், சிறு பத்தி, ஒரு பக்கக் கதை. அவ்வளவுதான் தேர்வு. ஆளுக்கு ஐந்து நிமிடம். மூன்று மாலைகளில் முடிந்தது. 22 பேரில் 9 பேர் எழுத்தைத் தாண்டவில்லை. அந்த ஒன்பதில் நான்கு பேர் ஐந்தாம் வகுப்புக்கு மேலே படிக்கிறவர்கள். அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். இரவு தூக்கம் வரவில்லை.

'கொடி' என்ற சொல்லை அவன் 'கெரடி' என்று வாசித்தான். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. யோசித்தால் அவன் கண் பார்த்ததைத்தான் வாய் சொல்லியிருக்கிறது. கொம்பும் ககரமும் சேர்ந்தால் 'கெ'. அடுத்து நிற்கும் கால், பார்வைக்கு 'ர' மாதிரிதான் இருக்கிறது. எழுத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டும் சேர்ந்து ஒரே ஒலி என்று அவனுக்கு யாரும் நின்று நிதானமாகச் சொல்லவில்லை. சொன்ன நாளில் அவன் பள்ளிக்கு வராமல் இருந்திருக்கலாம். பழைய காலண்டர் அட்டையில் கொம்பையும் காலையும் தனித்தனியாக வெட்டி, நடுவில் எழுத்தை மட்டும் மாற்றி மாற்றி வைத்தோம். கொ, தொ, பொ, மொ. நான்காம் நாள், நான் வைப்பதற்கு முன்பே அவன் கை 'சொ' வைத்துவிட்டது.

அதைவிடக் கடினமாக இருந்தது வெட்கம்தான். ஆறாம் வகுப்புப் பையன் இரண்டாம் வகுப்புக் குழந்தைகளோடு உட்காருவானா? ஒரு வாரம் வரவே இல்லை. பிறகு ஒரு வழி தோன்றியது. சின்னவர்களுக்கு வெள்ளிக்கிழமைதோறும் கதை வாசித்துக் காட்டும் அண்ணன் வேலையை அவனுக்குக் கொடுத்தோம். வியாழக்கிழமை எல்லோரும் போன பிறகு அந்தக் கதையை என்னோடு ஆறேழு முறை வாசித்துப் பழகுவான். வெள்ளிக்கிழமை அலட்டிக்கொள்ளாமல் வாசிப்பான். எங்கள் வியாழக்கிழமை ரகசியம் இன்றுவரை காப்பாற்றப்படுகிறது. ஊர், பெயர் எதுவும் சொல்லாமல் இதை எழுதுவதும் அதனால்தான்.

எங்களுக்குப் பணம் தருகிறவர்களில் ஒருவர், மூன்று மாதத்தில் மதிப்பெண் எவ்வளவு ஏறியது என்று வரைபடம் கேட்டார். ஏறவில்லை என்று சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. அவருக்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962இல் தொடங்கிய பெர்ரி பாலர் பள்ளிக் கதையைச் சொன்னேன். ஏழைக் கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 பிள்ளைகள். அவர்களில் ஒரு பகுதியினர் மட்டும் மூன்று, நான்கு வயதில் அந்தப் பள்ளிக்குப் போனார்கள். ஆசிரியைகள் வாரம் ஒருமுறை அவர்கள் வீட்டுக்கும் போய்த் தாயோடு உட்கார்ந்தார்கள். முதலில் உயர்ந்த நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) சில ஆண்டுகளில் மற்றவர்களுடையதோடு சமமாகிவிட்டது. அன்றைக்கே யாராவது வரைபடம் போட்டிருந்தால் கடையைக் கட்டியிருப்பார்கள். ஆனால் நாற்பது வயதுவரை தொடர்ந்து பார்த்தபோது, பள்ளிப் படிப்பை முடித்தவர்களும் வேலையில் இருப்பவர்களும் அந்தப் பள்ளிக்குப் போனவர்களில்தான் அதிகம். கைதானவர்கள் குறைவு. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் ஆறு மாத வரைபடம் கொடுங்கள்" என்றார். நல்ல மனிதர்தான்.

வீட்டுப்பாடத்தைக் குறைத்ததற்கு விலை உண்டு. பிள்ளைகளின் நோட்டில் 'மிக நன்று' நின்றுபோனது. இவன் நோட்டிலும்தான். பகலில் பாடம் எடுக்கும் ஆசிரியையைச் சந்தித்து விளக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், தள்ளிப்போட்டுக்கொண்டும் இருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை உள்ளே நுழைந்ததும் நேராக என்னிடம் வந்தான். பை கூடத் தோளிலிருந்து இறங்கவில்லை. நோட்டைத் திறந்து, சிவப்பு மையில் இருந்த வரியின் கீழே விரலை வைத்தான்.

"வீட்டுப்... பாடம். முழு... முழுமையாக இல்லை. பெற்... பெற்றோர் கையொப்பம் வாங்கி வரவும்."

விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். "இதை நானே வாசித்தேன், டீச்சர். யாரும் சொல்லவில்லை."

திட்டு வாங்கியிருக்கிறான் என்பது அவன் முகத்தில் எங்குமே இல்லை.