புகைபோக்கி முளைத்த பொறியியல் துறை

நேற்று வகுப்பில் ஒரு மாணவி, "ஏசி இல்லாமல் பெரிய லெக்சர் ஹால் கட்டவே முடியாதா சார்?" என்று கேட்டார். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் இருக்கும் குயின்ஸ் கட்டடம். டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பொறியியல் துறைக்காக 1993இல் முடித்தார்கள். சுமார் 10,000 சதுர மீட்டர். வெளியிலிருந்து பார்த்தால் செங்கல்லும் புகைபோக்கியுமாக ஏதோ பழைய ஆலை மாதிரி இருக்கும். எனக்குப் பிடிக்கும், பலருக்குப் பிடிக்காது. சரி, அது ரசனை.

அந்தப் புகைபோக்கிகள் அலங்காரம் இல்லை. விரிவுரைக்கூடத்தில் இருக்கைகளுக்கு அடியிலிருந்து வெளிக்காற்று உள்ளே வருகிறது. உட்கார்ந்திருப்பவர்களின் உடல் சூடே அதை மேலே தள்ளி, புகைபோக்கி வழியாக வெளியேற்றுகிறது. காற்று வரும், போகும் திறப்புகளை எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை சென்சார்கள் பார்த்துக்கொள்கின்றன.

கட்டும் முன்பே கேம்பிரிட்ஜில் இதைச் சோதித்ததுதான் சுவாரசியம். சின்ன மாதிரியைத் தண்ணீர்த் தொட்டியில் தலைகீழாக வைத்து உப்புநீரை விட்டார்கள். சூடான காற்று மேலே போவதுபோல, கனமான உப்புநீர் கீழே போகும். படத்தைத் திருப்பிப் பார்த்தால் கட்டடம் மூச்சு விடுவது தெரியும்!

"நம்ம ஊர் மே மாதத்துக்கு இது ஆகுமா சார்?" என்று அடுத்த கேள்வி. பகலில் ஆகாதும்மா. வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடச் சூடாக இருந்தால் இந்த வித்தை படுத்துவிடும்.