கைப்பேசியை எடுப்பதற்கு முன்

நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்த கோடு போட்ட தாளை அவர் மேசைமேல் விரித்தபோது, மடிப்புகளில் மை கரைந்து வியர்வை படிந்திருந்தது. கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் 29 வயதுக்காரர். ஆபாசப் படம் பார்க்கக் கைப்பேசியைத் தனியாக எடுத்துச் செல்லும் ஒவ்வொரு முறையும் மூன்றே விவரங்களைக் குறித்து வரும்படி முந்தைய வாரம் கேட்டிருந்தேன்: மணி என்ன, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் போயிற்று. என்ன பார்த்தார் என்பதை எழுத வேண்டாம் என்றும் சொல்லியிருந்தேன்.

“இரவு 11.50 – சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் திட்டினார் – 2 மணி நேரம்.” “மதியம் 3.10 – நைட் ஷிப்ட் முடிச்சும் தூக்கம் வரல – ஒன்றரை மணி.” “இரவு 1.20 – சும்மா இருந்தேன் – விடியற வரைக்கும்.” இப்படிப் பதினான்கு வரிகள். அவற்றில் ‘ஆசையாக இருந்தது’ என்ற பொருளில் எழுதப்பட்டவை இரண்டு மட்டுமே. மற்ற பன்னிரண்டிலும் இருந்தவை அவமானம், களைப்பு, தூக்கமின்மை, கடன்காரர் போன், வெறுமை. அவரே அதை விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு, “அப்ப இது அந்த ஆசையினால வர்ற பிரச்சினை இல்லையா மேடம்?” என்று கேட்டார். ஆபாசப் படங்களைத் தவிர வேறெதையும் இணையத்தில் தேடத் தெரியாதவன் என்று தன்னையே வெறுத்துக்கொண்டு வந்திருந்தவர் அவர்.

மஞ்சக்குப்பத்தில் உள்ள ஒரு தனியார் போதை மறுவாழ்வு மையத்தில் மனநலச் சமூகப் பணியாளராக 17 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். தொடக்கத்தில் எங்களிடம் வந்தவர்கள் அனைவரும் குடிநோயாளிகள். ‘குடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது’ என்பதுதான் அவர்களிடம் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி. ஆனால், 2013-இல் ஓர் இளைஞர் தயங்கித் தயங்கி வந்து, இரவெல்லாம் இணையத்தில் ‘அந்த மாதிரி’ படங்கள் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை என்று சொன்னபோது, அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. என்ன பார்க்கிறாய், எத்தனை நாளாகப் பார்க்கிறாய், வீட்டில் தெரியுமா என்று கேட்டேன். போனை விற்றுவிடு என்று அறிவுரையும் சொன்னேன். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு பேசியவர், அதன் பிறகு வரவில்லை. ஒரு மது நோயாளியிடம் நான் காட்டியிருக்கக்கூடிய மரியாதையை அவரிடம் காட்டத் தவறினேன். பாலியல் என்ற சொல் வந்தவுடன் நோயைப் பார்க்காமல் ஒழுக்கத்தைப் பார்த்துவிட்டேன். அந்தத் தவறு இன்றும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

கடலூரில் குடிப்பவர்களுக்கு ஓர் எல்லை உண்டு. புதுச்சேரியில் மது விலை குறைவு என்பதால் பேருந்தேறி முள்ளோடைக்குப் போகிறார்கள். திரும்பும்போது ஆல்பேட்டைச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்ட வேண்டியிருக்கும். போகும் வழியில் மனம் மாறித் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். பேருந்துக்குக் காசில்லாததாலேயே ஒரு நாள் குடிக்காமல் இருந்தவர்களும் உண்டு. கைப்பேசிக்கு முள்ளோடையும் இல்லை, ஆல்பேட்டையும் இல்லை. எளிதில் எட்டுவது, செலவில்லாதது, யாருக்கும் தெரியாதது ஆகிய மூன்றும் சேர்ந்துதான் இணையவழிப் பாலியல் நாட்டத்தை முடுக்கிவிடுகின்றன என்று அமெரிக்க உளவியலாளர் ஆல் கூப்பர் 1998-இலேயே எழுதினார். நம் ஊரில் அந்த மூன்றில் ‘செலவில்லாதது’ என்பது 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகுதான் முழுமையாக நிறைவேறியது. அதுவரை மாதத்துக்கு ஒருவர் இந்தக் குறையோடு வந்தால் அதிகம். அடுத்த இரண்டு ஆண்டுகளில் வாரத்துக்கு ஒருவராவது வரத் தொடங்கினார். 2018-இல் உத்தரகாண்ட் உயர்நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 827 ஆபாசத் தளங்களை முடக்குமாறு மத்திய அரசு ஆணையிட்டபோது, இனிமேல் குறைந்துவிடும் என்று எங்கள் மையத்தில் சிலர் நம்பினார்கள். குறையவில்லை. வந்தவர்கள் எல்லாரும் மாற்று வழிகளை மனப்பாடமாகச் சொன்னார்கள்.

இணைய அடிமைத்தனத்துக்கும் கட்டுக்கடங்காத பாலியல் நடத்தைக்கும் உள்ள உறவு எது முதலில், எது பிறகு என்று பிரித்துச் சொல்லக்கூடியதாக எனக்குத் தெரியவில்லை. நெதர்லாந்தில் அளவுக்கு அதிகமாக இணையத்தில் இருந்தவர்களை ஓராண்டு இடைவெளியில் இருமுறை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட ஆய்வொன்று, ஓராண்டுக்குப் பிறகு இணையப் பயன்பாடு கட்டுமீறிப் போகுமா என்பதை முன்கூட்டிக் காட்டும் அடையாளம் பாலியல் படங்களில் செலவிடும் நேரமே என்று கண்டது. சிப்காட் தொழிலாளி சொன்னது அதன் மறுபக்கம்: “பாக்குறது கொஞ்ச நேரந்தான் மேடம். தேடுறதுதான் விடிய விடிய.” ஒரு படம், அதைவிட நல்லதாக இன்னொன்று, அதையும் பாதியில் விட்டு வேறொன்று என்று கட்டைவிரல் தள்ளிக்கொண்டே போகிறது, கிடைத்ததில் மனம் நிற்பதில்லை. கேம்பிரிட்ஜில் வலேரி வூன் குழுவினர் 2014-இல் வெளியிட்ட மூளைப் படப் பதிவு ஆய்விலும், இத்தகைய பாலியல் கட்டாயம் உள்ள ஆண்களிடம் அக்காட்சிகள்மீது வேட்கை மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. ஆனால் விருப்பம் அதே அளவு கூடியிருக்கவில்லை. வேண்டும் வேண்டும் என்று தோன்றுவதும் பிடித்திருப்பதும் வேறு வேறு என்பதை எந்த ஆய்வும் படிக்காமலே இவர்கள் அறிந்திருக்கிறார்கள். “பிடிச்சுப் பாக்கலக்கா” என்ற சொற்றொடரை நான் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன்.

இதில் எல்லாரையும் நோயாளி என்று சேர்த்துவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 நோய் வகைப்பாடு, கட்டாயப் பாலியல் நடத்தைக் கோளாறை உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறுகளில் சேர்த்திருக்கிறது. சூதாட்டக் கோளாறும் மின்னணு விளையாட்டுக் கோளாறும் அடிமைத்தனப் பிரிவில் இருக்கின்றன. ஆறு மாதமோ அதற்கு மேலோ கட்டுப்பாடு இழந்து, வேலையும் உறவும் உடல்நலமும் பாதிக்கப்பட்ட பிறகும் தொடர்ந்தால்தான் அது கோளாறு. இதைவிட முக்கியமாக, தான் செய்வது பாவம் என்ற எண்ணத்தினால் மட்டும் வரும் மன வேதனையைக் கோளாறாகக் கொள்ளக் கூடாது என்று அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் வேலை செய்யும் எவருக்கும் அந்த ஒரு வரியின் அருமை தெரியும்.

புதுச்சேரி வில்லியனூரிலிருந்து வந்த கல்லூரி மாணவர் ஒருவர், வாரத்துக்கு ஒரு முறையோ இரு முறையோ படம் பார்த்துச் சுய இன்பம் கொள்வதாகச் சொல்லி, தன் நரம்புகள் தளர்ந்துவிட்டன, கல்யாணம் செய்துகொள்ளத் தகுதியில்லை என்று அழுதார். மாதந்தோறும் லாட்ஜில் அறை எடுத்து வைத்தியம் பார்க்கும் ஒருவரிடம் லேகியத்துக்காக அம்மாவின் மோதிரத்தை அடகு வைத்த பணம் முழுவதையும் கொடுத்திருந்தார். ‘இளமையில் செய்த தவறு’ என்ற விளம்பரச் சொற்களைக் கேட்டே வளர்ந்த பிள்ளை அவர். விந்து வீணானால் உயிர் வீணாகும் என்ற இந்த அச்சத்துக்கு 1960-இல் மனநல மருத்துவர் என்.என்.விக் ‘தாத்’ நோய்க்குறி என்று பெயரிட்டார். தாது என்ற நம் சொல்தான் அது. அந்த மாணவருக்குத் தேவைப்பட்டது அடிமை மீட்புச் சிகிச்சை இல்லை. உடலைப் பற்றிய சரியான தகவலைச் சொல்லி, தூக்கத்தையும் பதற்றத்தையும் சரிசெய்தோம். மூன்று அமர்வுகளில் முடிந்தது. மோதிரம் மட்டும் மீளவில்லை.

அதற்கு நேர் எதிரான ஒன்றையும் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்று ஆறேழு ஆண்டுகளான பெரியவர் ஒருவரை அவர் மகன் அழைத்து வந்தார். எழுபதை நெருங்கும் வயதில் அப்பா இரவெல்லாம் கைப்பேசியில் ஆபாசப் படம் பார்க்கிறார், முன்பின் தெரியாத பெண்களுக்குக் காணொலி அழைப்பில் பணம் அனுப்புகிறார் என்று மகன் சொன்னபோது, மருமகள் வெளியே வராந்தாவிலேயே நின்றுகொண்டார். பெரியவர் தலை நிமிரவேயில்லை. நாற்காலிக் கையின்மேல் அவருடைய வலது கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று உருட்டுவதுபோல் நடுங்கிக்கொண்டிருந்தன. நடுக்கு வாதத்துக்கு (பார்க்கின்சன் நோய்) மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டேன். பையிலிருந்து எடுத்துக் கொடுத்த அட்டையில் பிரமிபெக்ஸோல் என்று இருந்தது. டோபமின் என்ற மூளை வேதிப்பொருளின் ஏற்பிகளைத் தூண்டும் அவ்வகை மாத்திரைகளால் சிலருக்குச் சூதாட்டமும் பாலியல் உந்துதலும் கட்டுமீறிப் போகும் என்பது மருத்துவம் நன்கு அறிந்த பக்க விளைவு. எங்கள் மனநல மருத்துவர் அவருடைய நரம்பியல் மருத்துவரிடம் அன்றே பேசினார்; அவர் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து வேறு மருந்துக்கு மாற்றினார். இரண்டு மாதங்களில் அந்தப் பழக்கம் அடங்கிவிட்டது. எட்டு மாதங்களாக அந்த வீட்டில் அவருக்குத் தட்டைத் தனியாக வைத்துச் சோறு போட்டிருக்கிறார்கள். அதைச் சொன்னபோது மகனின் குரல் உடைந்துவிட்டது.

காணொலி அழைப்பைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. அந்நியப் பெண் போல அழைத்து, ஆடையில்லாமல் பேச வைத்துப் பதிவு செய்து, பிறகு ‘சைபர் கிரைம் போலீஸ்’ என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்களிடம் சிக்கியவர்கள் சாவின் விளிம்பில் நின்றுகொண்டு எங்களிடம் வருகிறார்கள். பணம் கொடுக்காதீர்கள், எதையும் அழிக்காதீர்கள், இணையக் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள் என்பதையும், மனம் தாங்காத இரவில் 14416 என்ற டெலி மனாஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம் என்பதையும் அவர்கள் எழுதிக்கொண்ட பிறகே அனுப்புகிறேன். நாங்கள் யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று வாக்குக் கொடுப்பதோடு நில்லாமல், மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 23-ஆம் பிரிவு அந்த இரகசியத்தை அவர்களுடைய உரிமையாக்கியிருக்கிறது என்பதையும் சொல்கிறேன். உரிமை என்று கேட்டவுடன் முதுகு நிமிர்ந்து உட்காருகிறவர்கள் உண்டு.

சிகிச்சை என்று வரும்போது மதுவைப் போல ‘இனித் தொடவே கூடாது’ என்று சொல்லிவிட முடியவில்லை. சிப்காட் தொழிலாளிக்கு அடுத்த வார ஷிப்ட் விவரமே வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. சம்பளம் வந்ததா என்று பார்ப்பதும், மளிகைக் கடைக்குப் பணம் அனுப்புவதும் அதே கருவியில்தான். அதனால் படுக்கையறைக்குள் கைப்பேசி வராது என்பதை மட்டும் முதல் விதியாக வைத்தோம். அலாரத்துக்காகத்தான் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன் என்றார். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடிகாரம் வாங்கச் சொன்னேன். சார்ஜர் கூடத்துக்குப் போயிற்று. இரவு ஷிப்ட் முடிந்து வரும் பகல்களில் அறைக்குக் கறுப்புத் திரை போட்டோம். மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கிய நாளில் வீட்டுக்குப் போகும் முன் யாரிடமாவது அதைச் சொல்லிவிட வேண்டும் என்பது இன்னொரு ஏற்பாடு. அவர் தேர்ந்தெடுத்தது டீக்கடையில் உடன் நிற்கும் ஃபிட்டர் அண்ணனை.

உந்துதல் எழும்போது அதனோடு மல்லுக்கட்டாமல், அலைமேல் ஏறி இறங்குவதுபோல் கடந்துவிடும் முறை ஒன்றை ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் வகுத்தார். எழுந்த உந்துதல் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானாகத் தணியும் என்பது அதன் அடிப்படை. தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பையனிடம் அதை விளக்கியபோது, நான் சொல்லிய உவமையை அவர் திருத்தினார். “அலை வர்றப்ப சும்மா இருந்தா கவுத்துடும்க்கா. அணியத்த அலைக்கு நேரா வைக்கணும். பக்கவாட்டுல வாங்குனாத்தான் ஆபத்து.” அணியம் என்பது படகின் முன்பகுதி. அன்றிலிருந்து நான் யாரிடமும் வெறுமனே பொறுத்திரு என்று சொல்வதில்லை. ‘இப்போது எனக்கு அவமானமாக இருக்கிறது, அதனால் கை போனைத் தேடுகிறது’ என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறேன். அந்தப் பையனுக்கு அதுதான் அணியத்தை நேராக வைப்பது.

சிப்காட் தொழிலாளி போன மாதம் மறுபடியும் ஒரு தாளோடு வந்தார். பராமரிப்புக்காக ஆலையைப் பத்து நாள் மூடியிருந்தார்கள்; ஒப்பந்தக்காரர்களுக்கு அந்த நாள்களில் கூலி கிடையாது. மனைவி குழந்தையோடு பண்ருட்டிக்குப் போயிருந்தார். தாளில் மூன்று வரிகள் இருந்தன, மூன்றும் அந்தப் பத்து நாளுக்குள். நடுக் கட்டத்தில் மூன்று முறையும் ஒரே வாசகம்: “வேல இல்ல. வீட்ல யாரும் இல்ல.” அடுத்த மூடல் எப்போது என்று கேட்டேன். தீபாவளிக்கு முன்னால் என்றார். அந்த வாரத்துக்கு இப்போதே நாள் குறித்துக்கொண்டு, பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்தார்.