டாமினோ டாம்செலோடு எட்டு வாரம்

எங்கள் வீட்டு உப்புநீர்த் தொட்டி நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். பாறையும் மணலும் போக 200 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதில் முதன்முதலாக விட்ட மீன் ஒரு டாமினோ டாம்செல். கரிய உடம்பு, நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, விலாவில் பக்கத்துக்கு ஒன்று. மகள் அதற்குப் பொட்டு என்றே பெயர் வைத்தாள். வாங்கும்போது கட்டைவிரல் நகம் அளவுதான் இருந்தது. "எந்தத் தண்ணீரையும் தாங்கும், முதல் மீனா இதையே விடுங்க" என்றார் கடைக்காரர். தாங்கியது, உண்மைதான். ஆனால் ஆறு மாதம் தனியாக வளர்ந்ததில் தொட்டி முழுவதும் தன் இடம் என்று எடுத்துக்கொண்டது.

இரண்டாவதாக ஒரு பயர்ஃபிஷ் விட்டேன். மிகவும் பயந்த சுபாவம் உள்ள மீன், விரட்டினால் தண்ணீரை விட்டே துள்ளும் என்று படித்திருந்தும் மேல்மூடி போடாமல் விட்டேன். மறுநாள் காலை ஸ்டாண்டுக்குப் பின்னால் தரையில் காய்ந்து கிடந்தது. அன்றே அலுமினியச் சட்டத்தில் வலை அடித்து மூடி செய்தேன். இதைப் படிப்பவர்கள் மீனை வாங்கும் முன்பே அந்த மூடியைச் செய்துவிடுங்கள்.

முதல் வாரம். கோமாளி மீன் இரண்டு வந்தன, ஒன்று பெரியது, மற்றது அதில் பாதி. விளக்கை அணைத்துவிட்டுத்தான் விட்டேன். காலையில் விளக்கு எரிந்ததும் பொட்டு பாய்ந்தது. மாலைக்குள் சின்னதின் வால் ஓரம் கிழிந்திருந்தது. இரண்டும் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால், தண்ணீர் மட்டத்தை ஒட்டி ஒண்டிக்கொண்டன. வால் கிழிந்தது எனக்குப் பெரிய கவலை இல்லை, நல்ல தண்ணீரில் வளர்ந்துவிடும். ஆர்ட்டீமியா என்ற சின்ன உப்புநீர் இறால் தீனியைப் போட்டபோது மூலையை விட்டு வராமல் இருந்ததுதான் பயமாக இருந்தது. சாப்பிட வராத மீனுக்கு அவகாசம் குறைவு.

இதற்கு நடுவில் ஒரு குழப்பம். பெரிய கோமாளியும் சின்னதை முட்டியது. சின்னது ஒரு பக்கமாகச் சாய்ந்து, வலிப்பு வந்தது போல வெடவெடவென்று நடுங்கியது. நோய் என்று நினைத்து மருந்து வரை போய்விட்டேன். அப்புறம்தான் புரிந்தது, அது பணிந்துபோகும் சைகை. கோமாளி மீன்கள் எல்லாமே முதலில் ஆணாகத்தான் இருக்கும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும், மாறியது திரும்ப ஆணாகாது. சின்னது நடுங்கிக் காட்டினால் "நீயே பெரியவள்" என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம். பத்து நொடியில் முடிந்துவிடும், காயம் இருக்காது. பொட்டு செய்வது அப்படி இல்லை, எதிரி ஒதுங்கிப் போன பிறகும் தேடிப்போய்க் கடித்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிறகுதான் எதில் கை வைப்பது, எதை விட்டுவிடுவது என்று பிடிபட்டது.

இரண்டாம் வாரம். பாறைகளை எல்லாம் எடுத்து இடம் மாற்றி அடுக்கினேன். பொட்டு படுக்கும் பொந்தே இல்லாமல் போனதால் அது திகைத்து நின்றது. நான்கு நாள் அமைதி. ஐந்தாம் நாள் புதிய பொந்து ஒன்றைப் பிடித்துக்கொண்டு பழையபடி ஆரம்பித்தது. கண்ணாடி ஒன்றைத் தொட்டிக்கு வெளியே சாய்த்தும் பார்த்தேன். முதல் நாள் முழுவதும் தன் பிம்பத்தோடு மல்லுக்கட்டியது, மறுநாள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

சரி, பிடித்து வெளியே எடுப்பது என்று முடிவு செய்தேன். வலை போட்டுத் துரத்தினால் பாறை இடுக்கில் போய்விடும், மற்ற மீன்களும் மிரளும். அதனால் ஒரு பொறி செய்தேன். இரண்டு லிட்டர் பாட்டிலைத் தோளுக்குக் கீழே அறுத்து, மேல்பகுதியைத் தலைகீழாக உள்ளே செருகி, நான்கு இடத்தில் துளையிட்டுத் தங்கூசி நரம்பால் தைத்தேன். முதல் நாள் ஒன்றும் விழவில்லை. பொட்டு அதற்குள் ஏழு சென்டிமீட்டர் வளர்ந்து, உடம்பும் வட்டத் தட்டு போல அகன்றிருந்தது, பாட்டில் வாய்க்குள் நுழையவே முடியவில்லை. கழுத்தையும் அறுத்து, வாயை இரண்டரை அங்குலமாக்கி, விளிம்பைச் சூடான கரண்டியால் மழுக்கினேன். உள்ளே ஒரு துண்டு இறால். முதலில் பெரிய கோமாளி நுழைந்து தின்றுவிட்டு வந்தது. இரண்டாவது இறாலுக்கு, சரியாக 40 நிமிடம் கழித்து, பொட்டு நுழைந்தது. பாட்டிலைத் தூக்கும்போது என் கை நடுங்கியது.

மூன்று, நான்காம் வாரங்கள். பொட்டு 40 லிட்டர் தொட்டியில், ஒரு ஸ்பாஞ்சு ஃபில்டரும் ஒளிய ஒரு பிவிசி குழாயும் துணை. தினமும் கால் பங்கு தண்ணீரைப் பெரிய தொட்டியிலிருந்தே எடுத்து மாற்றினேன். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா என்ற நச்சு சின்னத் தொட்டியில் மளமளவென்று ஏறும். பெரிய தொட்டியில் மூன்றாம் நாளே கோமாளிகள் நடுவுக்கு வந்துவிட்டன. அந்த இடைவெளியில் ஒரு பேங்காய் கார்டினலையும் விட்டேன். இந்தோனேசியாவின் பேங்காய் தீவுகளைச் சேர்ந்த மீன், ஓரிடத்தில் அசையாமல் மிதந்துகொண்டிருக்கும், மற்ற இன மீன்களோடு பெரும்பாலும் போட்டி போடாது. பொட்டு திரும்பி வரும்போது இவை எல்லாம் பழைய குடிகளாகவும் அது கடைசியாக வந்த மீனாகவும் இருக்க வேண்டும் என்பதுதான் என் கணக்கு.

ஐந்தாம் வாரம். ஃபிரிட்ஜில் வைக்கும் பெரிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பாவில் சூட்டுக்கம்பியால் துளைகள் போட்டு, நன்றாகக் கழுவி, தொட்டிக்குள் தொங்கவிட்டேன். அதற்குள் பொட்டு. பாறைகளையும் மறுபடி மாற்றியிருந்தேன். முதல் இரண்டு நாள் சுவரை முட்டியது. மூன்றாம் நாள் பெரிய கோமாளி டப்பா அருகே வந்து, துடுப்பை விரித்து நின்றது. பொட்டு பின்வாங்கியது! ஆறாம் நாள், சாப்பாடு போட்டுவிட்டு, விளக்கு அணையும் நேரத்தில் டப்பாவைச் சாய்த்தேன்.

இன்று எட்டாம் வாரம் முடிகிறது. விரட்டல் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். யாராவது இடது பாறைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வந்தால் பொட்டு பாய்கிறது, பாறை விளிம்போடு நின்றுவிடுகிறது. உணவை இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் போடுகிறேன், கார்டினலுக்கும் வயிறு நிறைகிறது. சின்னக் கோமாளியின் வால் முழுவதும் வளர்ந்துவிட்டது.

ஆனால் பொட்டின் நெற்றிப் பொட்டு மங்கத் தொடங்கியிருக்கிறது. இந்த இனத்தில் மீன் முதிர முதிர அது மறையும், உடம்பு 14 சென்டிமீட்டர் வரை போகும், கோபமும் கூடவே வளரும். நான்கு அடித் தொட்டியில் அந்த அளவு மீனுக்கு ஒரு பாறை போதாது. ஆறு அடித் தொட்டியில் பெரிய மீன்கள் வளர்க்கும் நண்பர் ஒருவர் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். மகளிடம் இன்னும் சொல்லவில்லை. பாட்டில் பொறியைக் கழுவிப் பத்திரமாக வைத்திருக்கிறேன், இந்த முறை வாயை மூன்று அங்குலமாக அறுக்க வேண்டும்.