நான்காவது தட்டு

24-10-2024, வியாழன்

தங்கள் நாயை எங்களிடம் விட்டுவிட்டு வெளிநாடு போகிறவர்களிடமிருந்து, சென்னையிலிருந்து மறுபடியும் அழைப்பு வந்தது. விசா கைக்கு வந்துவிட்டதாம். தீபாவளிக்கு முன்பே கொண்டுவந்து விட்டுவிடலாமா என்று அந்தப் பெண் கேட்டாள். தீபாவளி கழியட்டும் என்று சொல்லிவிட்டேன். புது வீடு, புது மனிதர்கள், முன்பின் தெரியாத மூன்று நாய்கள், போதாக்குறைக்கு எங்கள் புதுச்சேரி முத்தியால்பேட்டையின் சரவெடி, இத்தனையையும் ஒரே வாரத்தில் ஒன்பது மாதப் பிள்ளையின் தலையில் கட்டுவது நியாயமில்லை. அவள் உடனே ஒப்புக்கொண்டாள். ஆனால் குரல் அடைத்துப் போயிருந்தது.

இவர் "நாலாவதா?" என்று மட்டும் கேட்டார். பதிலை எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி அல்ல அது.

27-10-2024, ஞாயிறு

படங்கள் அனுப்பியிருக்கிறார்கள். பூடில் என்றதும் மடியில் வைத்துக் கொஞ்சுகிற சின்ன நாய் என்று அண்ணி நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் பார்த்தது டாய் பூடிலாக இருக்கும். இது ஸ்டாண்டர்டு பூடில். முழுதாக வளர்ந்தால் தோள்மட்டத்தில் 45 முதல் 60 செ.மீ. உயரம் நிற்கும். எங்கள் கருப்பியை மேலிருந்து பார்க்கும் உயரம் அது.

எல்லாப் படங்களிலும் பழுப்பு நிறச் சுருள் முடி இருக்கிறது, மூக்கு இருக்கிறது, கண்கள் மட்டும் ஒன்றிலும் இல்லை. நெற்றி முடி மூக்கின் தண்டு வரை விழுந்து கிடக்கிறது. வாலையும் குட்டியிலேயே யாரோ பாதியாக வெட்டியிருக்கிறார்கள். இது வெறும் அழகு சம்பந்தப்பட்ட விஷயமாக எனக்குப் படவில்லை. கருப்பி தெருவில் பிறந்து தெருவிலேயே பாடம் படித்தவள். எதிரில் வருகிற நாயின் கண்ணையும் காதையும் வாலையும் பார்த்து, அது எதற்கு வருகிறது என்பதைப் பத்தடி தூரத்திலேயே முடிவு செய்துவிடுவாள். வெள்ளையனுக்கோ பிறவியிலேயே காது கேட்காது. வெள்ளை ராஜபாளையத்தில் அது அரிதான குறையும் அல்ல. யாராவது உறுமினால்கூட அவனுக்குத் தெரியாது, பார்த்துத்தான் புரிந்துகொள்வான். கண்ணை மூடிக்கொண்டு, வாலும் இல்லாமல் வருகிற ஒருத்தியை இவர்கள் இருவரும் எதை வைத்துத் தெரிந்துகொள்வார்கள்? மணியைப் பற்றி எனக்குக் கவலையில்லை. தட்டை யாரும் தொடாதவரை அவனுக்கு உலகத்தில் எல்லாரும் நல்லவர்கள்.

31-10-2024, வியாழன்

கருப்பி குளியலறையில், மணி கட்டிலுக்கடியில், வெள்ளையன் வாசல் திண்ணையில் நான்கு காலையும் நீட்டி உறக்கத்தில். சென்னையில் அவள் எங்கே ஒளிந்திருக்கிறாளோ.

1-11-2024, வெள்ளி

புதுச்சேரி விடுதலை நாள் விடுமுறையாதலால் தச்சர் வருவதற்கு ஒப்புக்கொண்டார். சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையில் இடுப்புயரத்துக்குக் கம்பித் தடுப்பு வைத்தாயிற்று. ஒருவரையொருவர் பார்க்கலாம், மோந்துகொள்ளலாம், பாய முடியாது. தாழ்ப்பாள் சற்றுத் தளர்வாக இருக்கிறது என்று சொன்னேன், "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்றார். தாழ்ப்பாள் எப்படிப் பழகும் என்று தெரியவில்லை.

3-11-2024, ஞாயிறு

வந்துவிட்டாள். பெயர் கோகோ. மாற்ற வேண்டாம் என்று தீர்மானித்தேன். மற்ற எல்லாம் மாறிப்போன ஒருத்திக்குப் பெயராவது மிஞ்சட்டும்.

வீட்டு வாசலில் சந்திக்க வைக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். வாசல் கருப்பியுடையது. அதனால் விடிவதற்கு முன்பே சென்னையிலிருந்து கிளம்பச் சொல்லி, கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுகிற ஏழரை மணிக்கு முன்னால் அவர்களை டூப்ளே சிலையருகே வரவழைத்தோம். இவர் கருப்பியைப் பிடித்துக்கொண்டு கடலோரமாகவும், நான் கோகோவைப் பிடித்துக்கொண்டு கட்டடங்களின் ஓரமாகவும், நடுவில் சாலையின் முழு அகலத்தையும் விட்டு, ஒரே திசையில் காந்தி சிலையை நோக்கி நடந்தோம். நேருக்கு நேர் வந்தால் அது சவால். ஒரே பக்கம் பார்த்து நடந்தால் அது உலா. நடக்க நடக்க இடைவெளியைக் குறைத்தோம். பழைய கலங்கரை விளக்கத்தைத் தாண்டும்போது கருப்பி தலையைத் திருப்பி ஒரு முறை பார்த்தாள், பிறகு தரையை மோந்தாள். தரையை மோப்பது "எனக்கு வம்பு வேண்டாம்" என்பதற்கான சைகை என்று நான் படித்திருக்கிறேன். அங்கே முந்தின இரவு யாரோ சுண்டல் கொட்டியிருந்தார்கள் என்பதையும் இங்கே எழுதிவைக்க வேண்டும்.

அதற்குப் பிறகு வெள்ளையன், பிறகு மணி, ஒவ்வொருவராக. வீட்டுக்குள் நுழையும்போது கோகோவை முதலில் உள்ளே விட்டு, இவர்களைப் பின்னால் அழைத்து வந்தோம்.

அந்தப் பெண் காரில் ஏறியபின் கண்ணாடியை இறக்கவே இல்லை. அதுவே நல்லது.

4-11-2024, திங்கள்

சாப்பிடவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தாள்.

6-11-2024, புதன்

இந்த இனத்துக்கு முடி கொட்டாது, வீடு சுத்தமாக இருக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். கொட்டத்தான் செய்கிறது, உதிர்ந்த முடி தரைக்கு வராமல் சுருளுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். குட்டி முடி போய்ப் பெரிய முடி வரும் பருவம் இது. இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் இந்த மாதங்களில் சிக்கு மிக மோசமாக விழும். மேலாகப் பிரஷ் போட்டபோது பளபளவென்று பிரிந்தது. எஃகுச் சீப்பைத் தோல் வரை இறக்கினேன், இரண்டு பல் இறங்கியது, நின்றுவிட்டது. காதுக்குப் பின்னாலும் முன்னங்கால் இடுக்கிலும் தேங்காய்நார்க் கால்மிதியைத் தொட்டதுபோல இருக்கிறது. கழுத்துப் பட்டைக்கு அடியில் விரலே போகவில்லை. அழகாகக் குளிப்பாட்டித்தான் அனுப்பியிருக்கிறார்கள். சிக்கெடுக்காமல் குளிப்பாட்டினால் சிக்கு இன்னும் இறுகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

சிறிது சோளமாவைத் தூவி, முடியின் நுனியிலிருந்து தொடங்கி, வேரை விரலால் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கற்றையாகப் பிரித்தேன். இடது காது மட்டும் முடிந்தது. அவள் ஒரு முறைகூடப் பல்லைக் காட்டவில்லை, என் முழங்கையை மெல்லத் தன் வாய்க்குள் எடுத்து வைத்துக்கொண்டாள். நாய்களுக்கு முடி வெட்டும் தம்பியிடம் பேசினேன். 30ஆம் தேதிதான் நேரம் இருக்கிறதாம்.

இன்று சோறும் கோழி ஈரலும் சாப்பிட்டாள், தடுப்புக்கு உள்பக்கம். மற்ற மூவரும் வெளியே, ஆளுக்கொரு மூலையில், ஆளுக்கொரு தட்டு.

9-11-2024, சனி

கோகோவுக்கு விளையாட்டென்றால் முன்னங்கால்தான். எழுந்து நின்று இரண்டு கைகளாலும் எதிராளியின் முதுகில் தட்டுகிறாள். வெள்ளையன் அதை ரசிக்கிறான். கருப்பிக்குத் தோளில் கை வைப்பது மரியாதைக் குறைவு. இன்று மாலை கூடத்தில் அது நடந்தது. கருப்பி உதட்டைத் தூக்கி, அடித்தொண்டையிலிருந்து உறுமினாள். எனக்கு அது மிகச் சரியான பதிலாகத்தான் பட்டது. நான் அருகில் செல்வதற்குள் இவர் நாளிதழைச் சுருட்டித் தரையில் ஓங்கி அடித்து, "ஏய் கருப்பி!" என்று அதட்டிவிட்டார். பதினோரு வருடத்தில் அவர் அவளை அப்படி அதட்டி நான் கேட்டதில்லை. அவள் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டாள்.

10-11-2024, ஞாயிறு

கருப்பி உறுமவில்லை. கோகோ இன்று மூன்று பேர் முதுகிலும் ஏறினாள், கருப்பி வாயை இறுக மூடிக்கொண்டு, உடம்பை விறைத்து, வேறு எங்கோ பார்த்தபடி நின்றாள். "பார்த்தாயா, அடங்கிவிட்டாள்" என்று இவர் திருப்தியாகச் சொல்கிறார். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. உறுமல் என்பது கடிப்பதற்கு முன் ஒரு நாய் கொடுக்கிற முன்னறிவிப்பு. அதை அதட்டி நிறுத்தினால் முன்னறிவிப்புதான் நிற்கும், கோபம் இருந்த இடத்திலேயே இருக்கும். அடுத்த முறை சத்தமில்லாமல் பல் வரும். அதுவும் கண்ணும் வாலும் தெரியாத ஒருத்தியிடம், அவள் எதற்காக மேலே விழுகிறாள் என்பது புரியாத நிலையில்.

இதை இவரிடம் இரவு வெகுநேரம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். விளக்கை அணைத்தபின், "நான் பயந்துவிட்டேன்" என்றார்.

14-11-2024, வியாழன்

குரும்பாபேட் கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்வந்தோம். எடை 17 கிலோ, இன்னும் ஏற வேண்டும். ரத்தத்தில் உண்ணிக் காய்ச்சல் இல்லை. ஆனால் இந்தச் சுருளுக்குள் உண்ணி இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, தினமும் விரலால் தடவித்தான் தேட வேண்டும், முக்கியமாகக் காது மடலிலும் விரலிடுக்கிலும் என்று மருத்துவர் சொன்னார். காதுக்குள்ளும் முடி வளர்ந்திருக்கிறது; நம் ஊர்ப் புழுக்கத்தில் தொங்குகிற காதுக்குள் ஈரம் தங்கினால் சீழ் பிடிக்கும் என்றும் சொன்னார். கருத்தடையைப் பற்றி, எலும்பு வளர்ச்சி முடியட்டும், பிறகு பேசலாம் என்றார். அதற்குள் பருவம் வந்தால் இரண்டு பெண் நாய்களுக்கும் இடையே உரசல் கூடலாம், அப்போது தனித்தனியாக வையுங்கள் என்று அவர் சாதாரணமாகச் சொன்னதை நான் சாதாரணமாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் சொன்னார். நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும்; சில மணி நேரத்தில் உயிரையே கொண்டுபோய்விடும். வயிறு உப்பி, வாந்தி வராமல் வெறுமனே ஒக்களித்தால் காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும். ஒரே வேளையில் நிறையப் போடாமல் பிரித்துக் கொடுக்க வேண்டும், சாப்பிட்டவுடன் ஓட விடக்கூடாது. ஆக, மணியின் அவசரத்தைப் பார்த்து இவளும் அள்ளி விழுங்கப் பழகக் கூடாது. தடுப்பு இன்னும் பல மாதங்கள் இருக்கும்.

15-11-2024, வெள்ளி

இரவு இருமினாள். உட்கார்ந்தே விடிந்தது. இருமல்தான்.

18-11-2024, திங்கள்

தாழ்ப்பாள் விழுந்து, மணி நான்காவது தட்டையும் காலி செய்துவிட்டான். கோகோ பார்த்துக்கொண்டே நின்றாளாம்.

22-11-2024, வெள்ளி

இன்று காலை வெள்ளையனும் கோகோவும் கொல்லையில் வட்டமடித்து ஓடியதைப் பார்த்தபோது, இத்தனை நாளும் எதற்காக நெஞ்சைப் பிசைந்துகொண்டேன் என்று தோன்றியது. அவன் நேர்கோட்டில் அம்பாகப் போகிறான். அவள் குதித்துக் குதித்து, திரும்பும் இடத்தில் குறுக்கே வெட்டி அவனைப் பிடித்துவிடுகிறாள். அவன் நின்றதும் அவளும் நின்று, மூச்சு வாங்க, மூக்கால் அவன் தாடையைத் தொட்டாள். கருப்பி துவைக்கும் கல்லின் மேல் படுத்துக்கொண்டு இருவரையும் பார்த்தாள். வாய் திறந்திருந்தது, நாக்கு தளர்வாகத் தொங்கியது. இறுகிய வாய் அல்ல. அவள் வாயைத்தான் நான் இப்போது காலை முதல் இரவு வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வலது காது முடிந்தது. கால் இடுக்குகள் பாக்கி.

28-11-2024, வியாழன்

வானம் மூடிவிட்டது. தம்பி அழைத்து, "சனிக்கிழமை புயல் கரையைக் கடக்குமாம்மா, வர முடியாது" என்றான். 30ஆம் தேதியை நம்பித்தான் நான் நெற்றி முடியில் கை வைக்காமல் இருந்தேன்.

30-11-2024, சனி

மின்சாரம் இல்லை. முன்னறையில் சன்னல் வழியாகத் தண்ணீர் அடிப்பதால் நால்வரையும் எங்களையும் நடு அறையில் அடைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே தடுப்பு இல்லை. கருப்பி கட்டிலின் மேல், கோகோ என் காலடியில் நடுங்கிக்கொண்டு, மணி வழக்கம்போலக் கட்டிலுக்கடியில். தகரம் பறக்கிற சத்தம் வரும்போதெல்லாம் கோகோ கட்டிலில் ஏற முயல்கிறாள். கருப்பியின் வாய் இறுகியிருக்கிறது. கோகோவின் கழுத்து வாரை என் மணிக்கட்டில் சுற்றியிருக்கிறேன். மெழுகுவத்தி வெளிச்சத்தில் எழுதுகிறேன். வெள்ளையன் தூங்குகிறான்.

1-12-2024, ஞாயிறு

எதுவும் நடக்கவில்லை. மழை விட்டபாடில்லை, 45 செ.மீ.க்கும் மேல் பெய்திருப்பதாக வானொலியில் சொன்னார்கள். ரெயின்போ நகரில் கட்டில் மட்டம் வரை தண்ணீர் வந்து, அண்ணி ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். நாய் என்றால் பத்தடி தள்ளி நிற்பவர்.

சற்று அசந்த நேரத்தில் கோகோ கொல்லைக்குப் பாய்ந்து, முழங்கால் தண்ணீரில் ஆனந்தமாக நீந்திவிட்டாள். நீரில் விழுந்த வாத்தை எடுத்துவருவதற்கென்றே வளர்க்கப்பட்ட இனம். அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உலர்த்தும் காற்றுக் கருவிக்கு மின்சாரம் இல்லை, வெயில் இல்லை, வீட்டில் உலர்ந்த துண்டும் இல்லை. பிரித்துவைத்த காதுகள் இரண்டும் கண்ணெதிரே சுருண்டு இறுகுகின்றன.

2-12-2024, திங்கள்

இனித் தம்பிக்காகக் காத்திருப்பதில்லை என்று முடிவு செய்து, முனை மழுங்கிய கத்தரியை எடுத்தேன். இவர் தலையைப் பிடித்துக்கொண்டார். அண்ணி, யாரும் கேட்காமலே, டார்ச் விளக்கைப் பிடித்தார். சீப்பைக் கண்ணுக்கும் முடிக்கும் நடுவில் தடுப்பாக வைத்து, சீப்புக்கு மேலே நின்றதை மட்டும் வெட்டினேன். சிக்கு விழுந்த கற்றைகள் ஒரே துண்டாக வந்தன. இடது கண்ணின் ஓரத்தில் காய்ந்திருந்த பீளையை வெந்நீர்ப் பஞ்சால் ஊறவைத்துத் துடைத்தேன். செம்பழுப்பு நிறக் கண்கள். இமை முடிகூட நீளம். அவள் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சுவரில் தெரிந்த தன் நிழலைப் பார்த்துக் குரைத்தாள்.

"பாவம், எத்தனை நாளாகக் கண் தெரியாமல் இருந்ததோ" என்றார் அண்ணி. அவள் எங்களைப் பார்ப்பதைப் பற்றி நான் ஏன் யோசிக்கவே இல்லை என்று இப்போதும் யோசிக்கிறேன்.

5-12-2024, வியாழன்

கருப்பி உறுமினாள்.

காலையில், சமையலறை வாசலில். கோகோ கையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கருப்பி உதட்டை உயர்த்தி, நீளமாக, நிதானமாக உறுமினாள். கோகோவின் கை பாதியில் நின்றது. கண்ணைச் சிமிட்டி, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, வளைந்து சுற்றிக்கொண்டு போய்விட்டாள். கருப்பி கொட்டாவி விட்டாள். இவர் கையில் நாளிதழ் இருந்தது, அதை மடித்துக் கைக்கு அடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் எதுவும் சொல்லவில்லை.

8-12-2024, ஞாயிறு

தம்பி வந்து பார்த்துவிட்டுப் போனான். கால் இடுக்கிலும் வயிற்றிலும் உள்ள சிக்கைப் பிரிப்பது அவளுக்குச் சித்திரவதை, மொத்தமாக ஒட்ட வெட்டிவிடலாம், முடிதானே, வளர்ந்துவிடும் என்றான். முகத்துக்கும் பாதத்துக்கும் பத்தாம் எண் பிளேடு, உடம்புக்கு அதைவிடச் சற்று நீளம். வெட்டியபின் குளிரும், பழைய பனியன் ஒன்றைத் தைத்து வையுங்கள் என்றும் சொன்னான். சின்னவனின் பனியன் அலமாரியில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை வருவான். காலைத் தீனியை அவன் போனபிறகுதான் வைக்க வேண்டும், மணியை அதுவரை மாடியில் கட்ட வேண்டும், தாழ்ப்பாளுக்குத் தச்சரை மறுபடி அழைக்க வேண்டும்.