சாரல் எந்தப் பக்கம் அடித்தது?

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை கொட்டியும் சொட்டுக்கூட இறங்காத வீடு, புயல் கரையேறும் ஒரே இரவில் மூலைக்கு மூலை ஒழுகும். மறுவாரமே மொட்டைமாடி முழுக்க வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடித்துவிடுவார்கள். அடுத்த புயலில் அதே மூலை மறுபடி நனையும். நேராக விழும் மழையைத் தாங்குகிற தளத்தில் பெரும்பாலும் குறை இருக்காது. சாரல் மோதும் இடங்களில்தான் தேட வேண்டும்: கைப்பிடிச் சுவர், மாடிப்படி மொட்டைமாடியில் முடியும் சின்ன அறையான ஹெட்ரூம், ஜன்னல், சுவரைத் துளைத்து வரும் குழாய்.

காற்று தண்ணீரை மேல்நோக்கியும் தள்ளும். மணிக்கு 60 கி.மீ. காற்று சுவரில் நேராக மோதினால், சுமார் 17 மி.மீ. உயரத் தண்ணீரைத் தாங்கி நிறுத்தும் அழுத்தம் உண்டாகிறது. 100 கி.மீ. என்றால் சுமார் 48 மி.மீ. ஹெட்ரூம் கதவுக்கு ஒரு அங்குல நிலைப்படி வைத்தால் சாதாரண மழைக்குப் போதும், புயலுக்குப் போதாது. 150 மி.மீ. வையுங்கள். கதவு வெளிப்பக்கம் திறந்தால் இன்னும் நல்லது. காற்றே அதை நிலையோடு அழுத்திப் பிடிக்கும்.

அடுத்து, திசை. வடகிழக்குப் பருவமழையில் பொதுவாக வடக்கு, கிழக்குச் சுவர்கள்தான் நனையும். புயலில் அப்படியில்லை. நம் பக்கத்தில் புயல் காற்று இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். மேற்கு நோக்கி நகரும் புயல் நமக்குத் தெற்கே கரையேறினால் வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு என்று காற்று மாறும். வடக்கே கரையேறினால் வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு. புயலின் கண் தலைக்கு மேலேயே போனால் முதலில் வடக்கிலிருந்தும், சற்று ஓய்ந்தபின் தெற்கிலிருந்தும் அடிக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது நடந்தது இதுதான். பல வருடம் நனையாத சுவர் திடீரென்று ஒழுகுவதற்கு இதுவே காரணம்.

அதனால் ஒழுகும்போதே மூன்றைக் குறித்துவையுங்கள்: காற்றின் திசை, சாரல் தொடங்கிய நேரம், முதல் சொட்டு விழுந்த நேரம். கால் மணியில் சொட்டினால் எங்கோ நேரடி ஓட்டை அல்லது இடைவெளி. சில மணி நேரம் கழித்து ஓதமாகப் படர்ந்தால், பூச்சு விரிசல் வழியே செங்கல் ஊறி வருகிறது. கறையின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து தேதி எழுதுங்கள். ஃபேன் கொக்கி, லைட் பாக்ஸில் சொட்டினால் முதலில் மின்பெட்டியில் அந்த இணைப்புக்கான எம்.சி.பி. சுவிட்சை அணையுங்கள். தளத்துக்குள் புதைத்த வயர் பைப் வழியாகத் தண்ணீர் ஓடிவரும்; புகுந்த இடம் பல அடி தள்ளியும் இருக்கலாம்.

மழை ஓய்ந்து சுவர் நன்றாகக் காய்ந்தபின் ஹோஸ் சோதனை. இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் வெளியே, ஒருவர் உள்ளே டார்ச்சுடன். கீழிருந்து மேலே போவதுதான் இதில் முக்கியம். மேலிருந்து தொடங்கினால் வழியும் தண்ணீர் எல்லாவற்றையும் நனைத்து, எது வழி என்றே தெரியாமல் போகும். முதலில் ஜன்னலின் அடிக்கட்டை, பிறகு பக்கவாட்டு, சன்ஷேட் சுவரோடு சேரும் இடம், கடைசியாகக் கைப்பிடிச் சுவர். ஒவ்வொன்றிலும் 15 நிமிடம், மழை போலத் தூவினால் போதும், பீய்ச்ச வேண்டாம். தளத்தின் மீதே சந்தேகம் இருந்தால் மழைநீர்க் குழாய்களை அடைத்து 25 முதல் 50 மி.மீ. தண்ணீரை 24 மணி நேரம் கட்டிப் பாருங்கள். மரக்கட்டைகள் மேல் செங்கல் அடுக்கித் தளம் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டில் இதைச் செய்யவே கூடாது; மரக்கட்டைகளுக்கு அந்தப் பாரம் ஆபத்து.

அதிகம் ஏமாற்றுவது கைப்பிடிச் சுவர்தான். அதன் வெளிப்பூச்சில் உள்ள மயிரிழை விரிசல் வழியே நீர் புகுந்து, செங்கலுக்குள்ளேயே இறங்கி, கீழ் அறையின் கூரை மூலையில் வெளிவரும். பார்க்கிறவர் தளம் ஒழுகுகிறது என்றே நினைப்பார். விரிசலை வி வடிவில் 5 முதல் 10 மி.மீ. ஆழம் கொத்தி, தூசி தட்டி, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். மேலே வெறும் பெயின்ட் இழுத்தால் அடுத்த கோடையில் பிளந்துவிடும். சுவரின் தலைப்பு மாடிப்பக்கமாகச் சரிந்திருக்கட்டும். தளமும் சுவரும் சேரும் இடத்தில் 75 மி.மீ. சரிவுப் பூச்சு கொடுத்து, வாட்டர்ப்ரூஃப் பூச்சைச் சுவரில் 300 மி.மீ. வரை ஏற்றுங்கள்.

சறுக்கு ஜன்னல்களில் தண்டவாளத்தின் வெளிப்பக்கம் சின்னத் துளைகள் இருக்கும். தூசி அடைத்தால் தண்ணீர் தேங்கி, காற்று அதை உள்ளே தள்ளும். ஓர் ஈர்க்குச்சி போதும், புரட்டாசியிலேயே குத்திவிடுங்கள். ஏசி குழாய்த் துளை வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். கேபிள் உள்ளே நுழையுமுன் துளைக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கட்டும். தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

தகர ஷீட் கூரை என்றால், பக்கவாட்டில் ஒரு ஷீட் இன்னொன்றின் மேல் ஏறும் மடிப்பின் திறந்த விளிம்பு காற்றுக்கு முதுகு காட்ட வேண்டும். மேல்கீழ் மடிப்பு 150 மி.மீ.க்குக் குறையக் கூடாது. கடற்கரையில், சரிவு குறைந்த கூரைக்கு இன்னும் கூட்டுங்கள். ஸ்க்ரூவை அளவுக்கு மீறி முறுக்கினால் ரப்பர் வாஷர் நசுங்கிப் பிளக்கும், தளர்ந்திருந்தாலும் ஒழுகும். வெயிலில் வெடித்த வாஷர்களை மழைக்கு முன்பே மாற்றுங்கள். ஓட்டு வீட்டில் முகட்டு ஓட்டின் கலவை வெடிப்பையும், இறவார வரிசையில் தூக்கிக்கொண்ட ஓடுகளையும் முதலில் பாருங்கள்.

எந்தப் பூச்சுக்கும் முன்னால், ஓர் அடிச் சதுர பாலித்தீனைச் சுவரில் நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் உட்புறம் முத்துமுத்தாக நீர் கோத்திருந்தால், சுவர் இன்னும் காயவில்லை. கொத்தனாரை இன்னொரு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள்.