வராண்டா இல்லாத கட்டடம்

ஜூலை 8
கல்லூரியில் எங்கள் வகுப்பைப் புது பிளாக்கின் மேல்மாடிக்கு மாற்றிவிட்டார்கள். டைல்ஸ் தரை, புது பெஞ்சு, எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார முடியவில்லை. ஃபேன் அனலைத்தான் கீழே தள்ளுகிறது. பழைய கட்டடத்தில் கரண்ட் போன நாளிலும் நிம்மதியாகப் பாடம் கேட்டிருக்கிறோம்.

ஜூலை 13
அப்பா பாபநாசம் பக்கம் கொத்தனார். விஷயத்தைச் சொன்னதும், "மேல தட்டோடு பதிச்சிருக்கா பாப்பா?" என்றார். மொட்டைமாடியில் பதிக்கிற தட்டையான சுட்ட ஓட்டைத்தான் கேட்கிறார். இல்லை, வெறும் கான்கிரீட். "அப்ப சூடு எறங்காம எப்படி இருக்கும்? செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, அதுக்கு மேல தட்டோடு பதிக்கணும். இல்லேன்னா பகல் பூரா வெயிலக் குடிச்சுட்டு அப்படியே கீழ எறக்கும்."

பழைய கட்டடம் மெட்ராஸ் டெரஸ் என்றார். தேக்கு உத்தரங்களின்மேல் சன்னமான செங்கலை நெட்டுக்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட தளம். இத்தனை நாள் அதற்குக் கீழே உட்கார்ந்திருந்தும் நான் அண்ணாந்து பார்த்ததில்லை. நாளைக்குப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 21
பேச்சுப் போட்டிக்காகக் கும்பகோணம் அரசு கலைக் கல்லூரிக்குப் போனோம். 1854-ல் தொடங்கியது, ராமானுஜன் படித்த இடம். காவிரிக் கரையிலேயே இருக்கிறது. பரிசு இல்லை, ஆனால் ஆற்றுக்காற்று வாங்கிக்கொண்டு வந்தோம்.

அக்டோபர் 29
காலையிலிருந்து அடைமழை. கடைசி வகுப்பு மூன்றரைக்கு முடிந்தது. எங்கள் ஊர் டவுன் பஸ் ஐந்தே காலுக்கு. நூலகத்தை நாலு மணிக்குப் பூட்டிவிட்டார்கள். புது பிளாக்கில் ஒதுங்க இடமே இல்லை. மாடிப்படியில் ஆளுக்கொரு படியாக உட்கார்ந்தோம். ரெக்கார்டு நோட்டைத் துப்பட்டாவுக்குள் சுற்றி வைத்தும் ஓரம் நனைந்துவிட்டது.

பழைய கட்டடத்தில் சுற்றிலும் வராண்டா. தூணை ஒட்டிய திண்ணையில்தான் டிபன் பாக்ஸ் திறப்போம், ரெக்கார்டு எழுதுவோம். எனக்குத் தொகையிடல் புரிந்ததே அங்கே ஒரு மூன்றாம் ஆண்டு அக்கா சாக்பீஸால் தரையில் போட்டுக் காட்டியபோதுதான். கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளைகளுக்கு வகுப்பு எவ்வளவு முக்கியமோ, வகுப்பு முடிந்து உட்கார ஓர் இடமும் அவ்வளவு முக்கியம். வரைபடம் போடும்போதே இதை யாராவது கேட்டிருக்க வேண்டும்.

நவம்பர் 6
வகுப்பில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு முதல்வரிடம் மனு கொடுத்தோம். ஏசி கேட்கவில்லை. தட்டோடும், வாசலில் ஒரு நீளமான தாழ்வாரமும், பஸ் வரும்வரை நூலகமும்தான். முழுவதும் படித்தார். நூலகம் திங்கள் முதல் ஐந்து மணி வரை திறந்திருக்குமாம். மற்றதற்கு எஸ்டிமேட் வேண்டும் என்றார். மொட்டைமாடி எத்தனை சதுர அடி என்று அப்பா கேட்டிருக்கிறார். நாளை டேப் எடுத்துப் போகிறேன்.