கண்ணாடியின் பவரும் கண்ணின் நலமும்

கண்ணாடி மாற்ற வேண்டும், எங்கே போகலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கடைசியாக உங்கள் கண்ணுக்குள் ஒருவர் பார்த்தது எப்போது? பெரும்பாலோர் பவர் பார்த்த நாளையே பதிலாகச் சொல்கிறார்கள். பவர் பார்ப்பது வேறு, கண்ணைப் பார்ப்பது வேறு. எழுத்துப் பலகையின் கடைசி வரியைத் தடுமாறாமல் வாசிப்பவருக்கும் பார்வை நரம்பைச் சேதப்படுத்தும் கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) இருக்கலாம். அந்த நோய் பெரும்பாலும் ஓரப் பார்வையை முதலில் பறிப்பதாலும், ஒரு கண்ணில் விழும் இடைவெளியை மறு கண் நிரப்பிவிடுவதாலும், நோய் முற்றும் வரை அவருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. என் தந்தைக்குக் கண் அழுத்தம் கூடியிருந்தது, வெள்ளெழுத்துக் கண்ணாடிக்காகப் போன இடத்தில் முழுப் பரிசோதனையும் செய்ததால்தான் தெரியவந்தது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் அதுவே.

யாரிடம் போவது என்பதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. கண் மருத்துவர் நோயைக் கண்டறிந்து, மருந்தும் அறுவை சிகிச்சையும் தருபவர். ஆப்டோமெட்ரிஸ்ட் பார்வைக் குறையை அளந்து, கண்ணாடிக்கோ கான்டாக்ட் லென்ஸுக்கோ சீட்டு எழுதப் பயின்றவர். நோயின் அடையாளம் தென்பட்டால் மருத்துவரிடம் அனுப்புவார். அவர் எதுவரை செய்யலாம் என்ற வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். ஆப்டிசியன் அந்தச் சீட்டின்படி லென்ஸைப் பிரேமில் பொருத்தித் தருபவர். மூவரும் தேவைப்படுபவர்களே, ஒருவர் வேலையை மற்றவரிடம் எதிர்பார்ப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

இருப்பிடத்துக்கு அருகில் ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு அங்கேயே தொடர்ந்து போவது நல்லது என்பது என் கருத்து. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போட்டால் சில மணி நேரம் அருகிலிருப்பவை மங்கலாகத் தெரியும், வெளிச்சம் கூசும். அந்த நிலையில் வாகனம் ஓட்டிக்கொண்டு தொலைவு திரும்ப முடியாது. அதைவிட முக்கியமானது பழைய பதிவு. பார்வை நரம்பின் இன்றைய படத்தைத் தனியாகப் பார்த்துச் சொல்ல முடிவதைவிட, முந்தைய ஆண்டுகளின் படங்களோடு ஒப்பிட்டுச் சொல்ல முடிவது மிக அதிகம். அவசர நிலையும் உண்டு: திடீரென மின்னல்போல் ஒளி தெறிப்பது, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதப்பது, பார்வையின் ஒரு பக்கத்தில் திரை இறங்குவது ஆகியவை விழித்திரை கிழிவதற்கோ விலகுவதற்கோ அறிகுறியாகலாம். அப்போது அன்றைக்கே போய்ச் சேர வேண்டும்.

நல்ல பரிசோதனையை எப்படி அடையாளம் காண்பது? முகவாயை வைத்து உள்ளே ஒரு படத்தைப் பார்க்கச் சொல்லும் கருவி, கம்ப்யூட்டர் டெஸ்ட் என்று எல்லோரும் சொல்வது, தருவது ஒரு தொடக்க எண்ணை மட்டுமே. அதை அப்படியே சீட்டில் எழுதிவிடாமல், லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டு, எது தெளிவு என்று உங்களிடமே கேட்டு முடிவுக்கு வர வேண்டும். அதற்குப் பின் ஸ்லிட் லாம்ப் என்னும் நுண்ணோக்கியில் கண்ணின் முன்பகுதியைப் பார்ப்பதும், கண் அழுத்தத்தை அளப்பதும், தேவைப்பட்டால் கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்ப்பதும் நடக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுதோறும் விழித்திரையைக் காட்ட வேண்டும். இரத்தச் சர்க்கரை கடுமையாக ஏறி இறங்கும் நாட்களில் கண்ணின் லென்ஸே வீங்கிப் பவர் மாறும் என்பதால், சர்க்கரை நிலைப்பட்ட பிறகு கண்ணாடிக்கு அளப்பதே சரி.

இனி பவர் என்பது என்னவென்று பார்ப்போம். பவரை அளக்கும் அலகு டயாப்டர். கண்ணின் மொத்தக் குவிதிறன் ஏறத்தாழ 60 டயாப்டர். அதில் 43 அளவுக்குத் தருவது முன்னால் இருக்கும், ஒளி ஊடுருவும் கருவிழிப் படலம் (கார்னியா), மீதியைத் தருவது உள்ளிருக்கும் லென்ஸ். விழிக்கோளம் சற்றே நீண்டுவிட்டால் ஒளி விழித்திரைக்கு முன்பே குவிந்து கிட்டப்பார்வை ஆகிறது. ஒரு மில்லிமீட்டர் நீளம் கூடினாலே இரண்டரை டயாப்டருக்குக் குறையாமல் பவர் ஏறிவிடும். குட்டையாக இருந்தால் தூரப்பார்வை. கருவிழி எல்லாத் திசையிலும் ஒரே வளைவாக இல்லாவிட்டால் சிதறல் பார்வை. நாற்பதை ஒட்டி உள் லென்ஸ் நெகிழ்வை இழந்து வருவது வெள்ளெழுத்து. இது எல்லோருக்கும் வரும், நோயன்று.

டயாப்டர் என்பது மீட்டரில் சொன்ன குவியத் தொலைவின் தலைகீழ். ஆகவே மைனஸ் 2 உள்ளவருக்குக் கண்ணாடியில்லாமல் அரை மீட்டர் வரைதான் தெளிவு. சீட்டில் முதல் எண் அந்தப் பவர். அடுத்தது சிலிண்டர், அதாவது சிதறலின் அளவு. மூன்றாவது அது எந்தக் கோணத்தில் என்பது. ஆட் என்பது படிக்க வேண்டிய கூடுதல் பவர். இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்வது நல்லது. ஒரே கண்ணை ஒருவர் மைனஸ் 1, சிலிண்டர் மைனஸ் 1, கோணம் 180 என்று எழுதலாம். இன்னொருவர் மைனஸ் 2, சிலிண்டர் பிளஸ் 1, கோணம் 90 என்று எழுதலாம். இரண்டும் ஒரே லென்ஸ்தான். இது தெரியாமல் பவர் இரட்டிப்பாகிவிட்டது என்று கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். சீட்டின் பிரதியையும், இரு கண்மணிகளுக்கு இடையிலுள்ள தூரத்தின் அளவையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடியே எளியது, பாதுகாப்பானது. பவர் அதிகமென்றால் 1.67 போன்ற உயர் ஒளிவிலகல் எண் கொண்ட லென்ஸ் மெலிதாக அமையும். குழந்தைகளுக்கு எளிதில் உடையாத பாலிகார்பனேட் நல்லது. புரோகிரசிவ் லென்ஸில் மேலிருந்து கீழாகப் பவர் படிப்படியாக மாறுகிறது, அதற்கு விலையாக இரு ஓரங்களிலும் கலங்கல் இருக்கும். பிரேமை அணிவித்து, கண்மணி நிற்கும் உயரத்தைக் குறிக்காமல் செய்த புரோகிரசிவ் சரியாக அமைவது அரிது. நீல ஒளியைத் தடுக்கும் பூச்சு கண் களைப்பைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. திரையைப் பார்க்கையில் இமைப்பது குறைந்து கண் உலர்வதே களைப்புக்குப் பெரும் காரணம்.

மென்மையான கான்டாக்ட் லென்ஸைச் செக் நாட்டு வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே 1961இல், சிறுவர்களின் கட்டுமான விளையாட்டுப் பாகங்களைக் கொண்டு தம் வீட்டிலேயே அமைத்த கருவியில் வார்த்தெடுத்தார். அணிவதற்கு இதமானது என்பதாலேயே கவனக்குறைவும் எளிதில் வந்துவிடுகிறது. குழாய்த் தண்ணீரில் கழுவுவதும், அதோடு குளிப்பதும் நீந்துவதும் கூடவே கூடாது. நீரிலிருக்கும் அகாந்தமீபா என்னும் உயிரி கருவிழியைத் தொற்றினால் குணமாக்குவது மிகக் கடினம். அணிந்தபடி உறங்குவதும் தொற்றின் ஆபத்தைப் பல மடங்கு கூட்டும். கண்ணாடிச் சீட்டை வைத்து லென்ஸ் வாங்கவும் முடியாது. கண்ணாடியில் மைனஸ் 6 என்றால், கண்ணின் மேலேயே படியும் லென்ஸுக்கு ஏறத்தாழ மைனஸ் 5.60 போதும்; வளைவும் விட்டமும் தனியாக அளக்கப்பட வேண்டும்.

குழந்தைகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு கண் நன்றாகவும் மறு கண் மங்கலாகவும் இருக்கும் குழந்தை ஒருபோதும் முறையிடாது. மங்கிய கண்ணை மூளை பயன்படுத்தாமல் விட்டுவிட, அது சோம்பல் கண்ணாகிவிடும். சிறு வயதிலேயே கண்டறிந்தால் பெரும்பாலும் மீட்கலாம், ஆகவே பள்ளியில் சேரும் முன் ஒரு பரிசோதனை அவசியம். கிட்டப்பார்வை வேகமாக ஏறும் குழந்தைகளுக்குக் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு, அதற்கென வடிவமைத்த லென்ஸ்கள் என வழிகள் வந்துவிட்டன. நாள்தோறும் வெளியில் வெளிச்சத்தில் செலவிடும் நேரம் கிட்டப்பார்வை தொடங்குவதையே தள்ளிப்போடுகிறது.

கண்ணாடி தேவைப்படாதபடி கருவிழியின் வளைவை மாற்றும் லேசர் அறுவைக்கு வித்திட்டவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்த வேதியியலாளர் ரங்கசாமி சீனிவாசன். எக்சைமர் லேசரின் புற ஊதாக் கதிர், பக்கத்துத் திசுவைச் சுடாமல் மிக மெல்லிய அடுக்காகத் திசுவை அகற்றும் என்பதை 1981இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் கண்டறிந்தனர். பிஆர்கே முறையில் கருவிழியின் மேற்தோலை நீக்கி லேசர் செலுத்துவார்கள், ஆறுவதற்கு நாளாகும். லேசிக்கில் மெல்லிய மடிப்பொன்றைத் தூக்கி அடியில் செதுக்கி மீண்டும் மூடுவார்கள். ஸ்மைல் முறையில் சிறு துளை வழியே உட்திசு ஒன்றை எடுத்துவிடுவார்கள். எந்த முறையிலும் கருவிழி மெலிகிறது. சராசரித் தடிமன் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அதில் ஒரு டயாப்டருக்குப் பன்னிரண்டு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அளவிலோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ செலவாகிறது. அதனால்தான் கருவிழி மெலிந்தவர்களுக்கும், அது கூம்பாகப் புடைக்கும் கெரடோகோனஸ் உள்ளவர்களுக்கும் லேசிக் மறுக்கப்படுகிறது. அவர்களில் தகுதியுள்ள சிலருக்கு உள்ளே லென்ஸ் பொருத்தும் ஐசிஎல் வழி உண்டு. பதினெட்டு வயது நிறைந்திருப்பதும், ஓராண்டாவது பவர் மாறாமல் இருப்பதும் பொது விதிகள். அளவெடுக்கும் முன் கான்டாக்ட் லென்ஸைச் சில நாட்களாவது நிறுத்த வேண்டும். கண் உலர்வு ஏற்கெனவே உள்ளவர்கள் அதை முதலில் சரிசெய்துகொள்வது நல்லது.

லேசர் கருவிழியை மாற்றுகிறதே தவிர விழிக்கோளத்தின் நீளத்தைக் குறைப்பதில்லை. மைனஸ் 8 இருந்தவர் கண்ணாடியை விட்டபின்னும் அவருடைய விழித்திரை இழுபட்டுத்தான் இருக்கிறது. அதன் பரிசோதனையை நிறுத்தக் கூடாது. நாற்பதை நெருங்குபவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: தூரத்துக்கு முழுதாகத் திருத்திக்கொண்டால் படிப்பதற்குக் கண்ணாடி தேவைப்படும். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் வைக்கும் மோனோவிஷன் முறையைச் சிலருக்குப் பரிந்துரைப்பதுண்டு; அது எல்லோருக்கும் ஒத்துவராது. அறுவைக்கு ஒப்புக்கொள்ளும் முன், அதே அமைப்பைக் கான்டாக்ட் லென்ஸில் சில வாரம் அணிந்து, படித்து, இரவில் நடந்து பார்த்துவிட்டு முடிவெடுக்க மருத்துவரிடம் அவகாசம் கேளுங்கள்.